அகராதி வழியாக வந்த மச்சாள்

வானின் பின்கதவைச் சாத்திவிட்டுச் சாரதி ஏறி உட்கார்ந்துவிட்டார். நொரிகோ மட்டும் ஏறவில்லை. கேற்றுக்கு வெளியே, மதிலோரத்து நித்தியகல்யாணிக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் முன்னால் கோத்தபடி எங்கள் வீட்டைப் பார்த்து நின்றாள்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்த நேரம். முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. வடை பொரித்த எண்ணெய் மணமும் ஐயர் வளர்த்த ஓமத்தின் புகை மணமும் கலந்து வீடு முழுக்க நின்றன. தம்பியின் முப்பத்தோராம் நாள் காரியம் அன்று மத்தியானம்தான் முடிந்திருந்தது.

நொரிகோ இரண்டே சொல் சொன்னாள். "இத்தெ கிமாஸ்." சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

அதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஒரேயொரு பதில். மானிப்பாயில் அந்தப் பதில் தெரிந்த ஆள் அன்றைக்கு நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்தத் தொடரை வாசிக்கும் அன்பர் ஒருவர், எப்போது பார்த்தாலும் பாமசிக் கதையாகவே எழுதுகிறீர்களே, வீட்டில் ஒன்றும் நடப்பதில்லையா என்று கேட்டிருந்தார். நடந்தது ஐயா. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். இந்தக் கிழமை எழுதிவிடுகிறேன்.

தம்பியின் மொழிபெயர்ப்பு

எனக்கு ஒரு அண்ணை, ஒரு தம்பி. அண்ணி காலமான பிறகு அண்ணையும் நானும் பழைய வீட்டில் இருக்கிறோம். நான் கலியாணம் கட்டவில்லை. தம்பி தயா இருபது வருடத்துக்கு மேலாக ஜப்பானில். பழைய வாகனங்களைக் கழற்றிப் பாகம் பாகமாகப் பிரிக்கும் இடத்தில் வேலை. நொரிகோவை அங்கேயே கட்டினான். அவள் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் சமைக்கிறவள். பிள்ளைகள் இல்லை.

ஞாயிறு தவறாமல் வீடியோவில் கதைப்பான். கொஞ்ச நேரம் கழித்துத் தொலைபேசியை நொரிகோ பக்கம் திருப்புவான். அவள் தலையைச் சாய்த்து, கைகளை ஆட்டி, நடுவில் சிரித்து, நடுவில் முகம் வாடி, முழுதாக இரண்டு நிமிடம் என்னோடு கதைப்பாள். பிறகு தம்பியைப் பார்ப்பாள். அவன் மொழிபெயர்ப்பான்.

"சாப்பிட்டாச்சோ எண்டு கேக்கிறா."

"உவ்வளவு நேரம் கதைச்சது சாப்பிட்டாச்சோ எண்டோடா?"

"ஓம் அக்கா. யப்பான் பாசை கொஞ்சம் நீளம்."

பதினெட்டு வருடம் இப்படியே போனது. பதினெட்டு வருடமாக நான் சாப்பிட்டேனா என்பதை மட்டும் விசாரித்துக்கொண்டிருந்தாள் என் மச்சாள். நானும் "ஓம், சாப்பிட்டன்" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. உந்த மடையனை நம்பினால் சாகும்வரை எனக்கு மச்சாள் இல்லை என்று தீர்மானித்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் தொலைபேசியில் ஜப்பானிய அகராதி ஒன்றைத் திறந்தேன்.

விரலால் எழுதியது

மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட ஒரு பாமசியில் நான் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். முப்பது வருடமாக டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கிறேன். அதை வாசித்தவளுக்கு ஜப்பானிய எழுத்து ஒரு பயமா? அந்த அகராதியில் விரலால் படம் கீறுவதுபோல எழுத்தைக் கீறலாம். கோணல்மாணலாகக் கீறினாலும், "இதுவா? இதுவா?" என்று கீழே பத்து எழுத்தை நீட்டும். அவ்வளவு பொறுமையான ஆளை நான் இந்தப் பிறவியில் சந்தித்ததில்லை.

ஒரு சங்கடம். அகராதி ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் இடையில்தான். நான் தமிழில் நினைத்து, என்னுடைய பாமசி ஆங்கிலத்தில் தட்டி, ஜப்பானியத்தில் எடுக்கவேண்டும். மானிப்பாயிலிருந்து கரவெட்டிக்குக் கொழும்பு சுற்றிப் போவது மாதிரி.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு பாமசிக்கு ஆள் வராது. மேலே மின்விசிறி கிறீச்சிடும். வெளியே தார்வீதி வெள்ளையாகத் தெரியும். நான் சொல்லைத் தொட்டால் அகராதிக்குள் இருந்து ஒரு பெண் அதை உச்சரிப்பாள். மெல்லிய குரல், அவசரமில்லாத குரல். அந்தக் குரலைக் கேட்டபடி நான் எங்கெங்கோ போய்வந்தேன்.

உதாரண வாக்கியங்களில் ஒரு முழு ஊரே இருந்தது. யாரோ ஒருவர் ரயிலில் குடையை விட்டுவிட்டார். ஒருவரின் மாமாவுக்குத் தோடம்பழம் பிடிக்காது. தனக்கா என்று ஒருவர், எந்த வாக்கியத்திலும் நிலையத்துக்குப் போய்க்கொண்டே இருந்தார், ஒருநாளும் போய்ச் சேரவில்லை. எனக்கு அவர்கள் எல்லாரும் அயலட்டை ஆகிவிட்டார்கள். மழைக்காலத்தில் அந்தக் குடைக்காரரை நினைத்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

சில சொற்கள் வாய்விட்டுச் சிரிக்க வைத்தன. வெயிலில் சும்மா உட்கார்ந்து சுகம் காண்பதற்கு அவர்களிடம் தனியாக ஒரு சொல் இருக்கிறது. எங்கள் ஊரில் வெயில் காய்வது மிளகாயும் நெல்லும்தான். மனிசர் நிழலுக்கு ஓடுவார்கள். சாயந்தரம் திடீரென்று கொட்டிவிட்டுப் போகும் மழைக்கும் ஒரு சொல் இருந்தது. அதை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே மருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"இத்தெ கிமாஸ்" அகப்பட்டதும் அப்படியொரு மத்தியானத்தில்தான். வீட்டைவிட்டு வெளியே போகிறவர் சொல்வது, பொருள்: போய்விட்டு வருகிறேன் என்று இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கடை "போட்டு வாறன்" அல்லவா இது! நாங்கள் மட்டும்தான் "போறன்" என்று சொல்லப் பயந்த சனம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். கீழே ஒரு குறிப்பும் இருந்தது. இது தன் சொந்த வீட்டிலிருந்து புறப்படுபவர் சொல்வது. வீட்டில் நிற்பவர் "இத்தெராஷ்ஷாய்", அதாவது போய்விட்டு வா, என்று பதில் சொல்ல வேண்டும். பாமசியில் வேலை செய்கிற எல்லாருக்கும் அதைச் சொல்லிக் காட்டினேன். முதலாளி, அக்காவுக்கு வெயில் ஏறிவிட்டது, ஒரு ஜீவனி உப்புக் கரைத்துக் கொடுங்கோ என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிறு, தம்பி மொழிபெயர்க்க வாயெடுக்கும் முன் நான் நேரே நொரிகோவுக்குப் பதில் சொன்னேன். அவள் கதைத்தது என் முழங்கால் வலியைப் பற்றி. தன் தாய்க்கும் அப்படித்தான் என்றும், குளிருக்குத் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பேன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களுக்குக் குளிரில்லை, ஆனால் தவிடு இருக்கிறது என்றேன். ஏழு சொல்லில் மூன்று பிழை. நொரிகோ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி, "அக்கா, என்ரை வேலையைப் பறிச்சிட்டாய்" என்றான். எனக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

அகராதி சொன்ன செய்தி

பிறகு ஒரு புதன்கிழமை. ஞாயிறு அல்லாத நாளில் ஜப்பானிலிருந்து அழைப்பு வந்தது. திரையில் நொரிகோ மட்டும். அவள் சொன்னதில் தம்பியின் பெயரும், காலை நேரமும், வேலையிடமும் விளங்கின. கடைசிச் சொல் விளங்கவில்லை. மெதுவாகச் சொல், எழுதிப் பார்க்கிறேன் என்றேன். அவள் ஒவ்வொரு அசையாகச் சொன்னாள். நான் தட்டினேன். அவள் அங்கே காத்திருந்தாள்.

காலமாதல். மரியாதை வழக்கு.

என் தம்பி போன செய்தியை எனக்கு அகராதிதான் சொன்னது. அதுவும் மரியாதையாகச் சொன்னது. இருதயம் என்று பிறகு தெரிந்தது. அந்தத் தொலைபேசியில் தேடிய சொற்களின் பட்டியல் இன்றைக்கும் அழியாமல் கிடக்கிறது. மேலே தோடம்பழம், முழங்கால், தவிடு, சாயந்தர மழை. கீழே இறங்கினால் இருதயம், எரித்தல், எலும்பு, சாடி, விமானம்.

எலும்பில்தான் சிக்கல் வந்தது. தம்பி முழுதாகக் கீரிமலைக் கடலில் கரைய வேண்டும் என்பது அண்ணையின் விருப்பம். நொரிகோவோ, எரித்தபின் எலும்பைத் தன் கையாலேயே குச்சிகளைப் பிடித்து எடுத்துச் சாடியில் வைத்திருந்தாள். அவர்கள் வழக்கத்தில் நாற்பத்தொன்பது நாள் அது வீட்டுக்குள் இருக்கவேண்டும். ஒரு பங்கைப் பிரித்துக் கொண்டுவருகிறேன், மற்றது என்னோடு இருக்கட்டும் என்றாள். அதை நான் அண்ணைக்குச் சொன்னபோது அவருடைய முகம் இறுகிவிட்டது.

"பிள்ளையுமில்லை. இனி உவவுக்கும் எங்களுக்கும் என்ன தொடுசல்? கொண்டந்து தந்திட்டுப் போகட்டும்."

அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தைத்தது. இருபது வருடத்தில் இப்போதுதான் எனக்கு ஒரு மச்சாள் கிடைத்திருந்தாள். தம்பியோடு சேர்த்து அவளையும் கரைத்துவிட எனக்கு மனமில்லை.

மாமரத்தடியில் இரண்டு கதிரை

முப்பதாம் நாள் பின்னேரம் நொரிகோ வந்தாள். வேலையிடத்தில் கிடைத்தது நாலே நாள் லீவு, அதில் பாதி பயணத்துக்கே போய்விடும். மடியில் வெள்ளைத் துணியால் சுற்றிய சின்னச் சாடி. வானால் இறங்கியதும் அதை இரண்டு கையாலும் ஏந்தியபடி நேரே படியேற வந்தாள். அண்ணை குறுக்கே நின்றார்.

சாம்பல் வீட்டுக்குள் வராது. அது எங்கள் வழக்கம். மாமரத்தடியில் ஒரு முக்காலி போட்டு, மேலே வெள்ளை விரித்து அண்ணை ஏற்கெனவே இடம் செய்து வைத்திருந்தார். நொரிகோ முக்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தன் வீட்டில் தயா மேசையில் இருக்கிறார், காலையில் சோறும் தேத்தண்ணியும் வைக்கிறேன், தன் சொந்த வீட்டுக்கு வந்த ஆள் ஏன் வெளியே இருக்கவேண்டும் என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருக்கலாம் என்று முதல்தடவையாக நினைத்தேன்.

துடக்கு என்கிற சாவுத்தீட்டை என்னவென்று சொல்வது? ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தேன். தொழிற்சாலைப் புகைக்கு உரிய சொல் வந்தது. வேறு விதமாகத் தட்டினேன், ஊத்தை உடுப்புக்கு உரியது வந்தது. இரண்டையும் காட்டாமல் மூடிவிட்டேன். கடைசியில் வழக்கம் என்ற சொல்லை மட்டும் எடுத்து நீட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். தங்கள் ஊரிலும் செத்தவீட்டுக்குப் போய்வந்தால் வாசலில் உப்புத் தூவிக்கொண்டுதான் உள்ளே போவார்கள் என்றாள்.

பிறகு விறாந்தையிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய் முக்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். நான் இன்னொரு கதிரையோடு போனேன்.

அந்தப் பின்னேரத்தை நினைத்தால் இப்போதும் நடந்ததா கனவா என்று சந்தேகம் வருகிறது. மாவிலைகளுக்குள் இருந்து பூச்சிகள் இரைந்தன. தொலைபேசி எங்கள் இருவர் கைக்கும் மாறிமாறிப் போனது. அவள் ஒரு சொல் தட்டுவாள், நான் ஒரு சொல் தட்டுவேன். தம்பி அங்கே தினமும் உப்புக் கூடப் போட்டுக் கறி வைப்பானாம். நித்திரையில் தமிழில் கதைப்பானாம். அடிக்கடி கேட்ட சொல் "அக்கா" என்றாள். அவள் என்னை, அவர்கள் மரியாதைக்குச் சேர்க்கும் 'சன்'னையும் ஒட்டி, அக்காசன் என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்பதுதான் என் பெயர் என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தாளாம். இருவரும் சாடியை வைத்துக்கொண்டு சிரித்தோம். அண்ணை விறாந்தையில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அன்று அவள் என் அறையில்தான் படுத்தாள். தம்பியின் அறை முழுக்க அண்ணை விதைவெங்காயப் பிடிகளைக் கூரையில் கட்டித் தூக்கியிருந்தார். அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்து, வெங்காய மணத்தை ஒருமுறை இழுத்துவிட்டு, அவள் சாத்திவிட்டாள்.

கேற்றடியில்

மறுநாள் காலை கீரிமலை. அண்ணை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கரைத்தார். நொரிகோ கரையில் முழங்காலில் இருந்தாள். மத்தியானம் வீட்டில் ஐயர், சொந்தக்காரர், சாப்பாடு. எல்லாரும் உண்டுகொண்டிருந்தபோது நொரிகோ வாசலில் குந்தியிருந்து, வந்தவர்களின் செருப்பை எல்லாம் ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். போகிறவர்கள் குனிந்து தேடாமல் காலை நுழைத்துக்கொண்டு போகலாம். ஐம்பது அறுபது சோடி இருக்கும். அண்ணையும் தன் செருப்பு அப்படி இருப்பதைப் பார்த்தார், போட்டுக்கொண்டு நடந்தார்.

சாப்பிட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழும்பிப் போனார்கள். ஒருவரும் "போட்டு வாறன்" சொல்லவில்லை. செத்தவீட்டிலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டிலும் அது சொல்லக்கூடாது. வருகிறேன் என்றால், இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்றாகிவிடும். சிறு பிள்ளைக்கும் தெரிந்த விசயம். பேசாமல் வந்து, பேசாமல் போவார்கள்.

இதை நான் நொரிகோவுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை. விருந்தாளிகள் போகும்போது சொல்லுகிற சயோனாராவைச் சொல்லிவிட்டுப் போவாள், நான் தலையை ஆட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். அவள் "இத்தெ கிமாஸ்" சொல்வாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அது தன் சொந்த வீட்டிலிருந்து புறப்படுபவர் சொல்வது.

பதில் என் நுனிநாக்கில் நின்றது. உதடு பிரிந்ததை அண்ணை கண்டிருக்கவேண்டும். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கதையாதை, தங்கச்சி."

நொரிகோ காத்திருந்தாள். ஒரு சைக்கிள் மணியடித்தபடி எங்களைத் தாண்டிப் போனது. அவள் முகத்தில் சின்னதாக இருந்த ஒரு வெளிச்சம் மெல்லப் போவதைப் பார்த்தேன். இடுப்பை வளைத்து ஆழமாகக் கும்பிட்டாள். அந்நியருக்குச் செய்கிற வணக்கம் அது. வான் சந்தியில் திரும்பும்வரை நின்றேன். பிறகு குசினிக்குள் போய் வாய்விட்டு அழுதேன். தம்பிக்குக்கூட அப்படி அழவில்லை.

வீட்டைப் பார்த்திருப்பவர்

வான் சாவகச்சேரி தாண்டியிருக்கும் என்ற கணக்கில் செய்தி ஒன்று அனுப்பினேன். போய்ச் சேரவில்லை. இன்னொன்று. அதுவும் அப்படியே. அவளுடைய தொலைபேசி அணைந்து கிடந்தது. மன்னிப்புக்கு அகராதி பதினொரு சொல் தந்தது. காலை மிதித்ததற்கு ஒன்று, பிந்தி வந்ததற்கு ஒன்று. பேசாமல் நின்றதற்கு ஒன்றும் இல்லை. நிலையத்துக்குப் போகும் தனக்காவால் எனக்கு ஒரு உதவியும் கிடைக்கவில்லை.

விடிந்ததும் முகம் கழுவிவிட்டு, பாமசியின் மருந்து உறை ஒன்றின் பின்பக்கத்தில் நானே வாக்கியம் கட்ட உட்கார்ந்தேன். அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எதிரில் இருந்தார். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்தார்.

"அப்பிடி என்ன கேட்டவ அவ?"

சொன்னேன். அது எங்கடை "போட்டு வாறன்" என்றும், சொந்த வீட்டில்தான் சொல்வார்கள் என்றும், பதில் வராவிட்டால் அது தன் வீடில்லை என்றுதான் அவள் எடுத்துக்கொண்டிருப்பாள் என்றும் சொன்னேன். அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். முற்றத்தைப் பார்த்தார்.

"நேற்றோடை துடக்குக் கழிஞ்சுது," என்றார். "இண்டைக்குச் சொல்லலாம்."

தொலைபேசியில் அவளை அழைத்தேன். மூன்றாம் தடவை மணி போனது. விமான நிலைய இரைச்சலுக்குள் நொரிகோவின் குரல், மிகவும் மரியாதையாக. அந்த மரியாதை எனக்குச் சுட்டது. உறையைப் பார்த்து வாசித்தேன். நேற்று எங்கள் வீடு சாவு வீடு. சாவு வீட்டில் திரும்பி வா என்று சொன்னால் சாவும் திரும்பி வரும். அதனால் சொல்லவில்லை. இன்று சாவு வீடில்லை. உறையில் அவ்வளவுதான் இருந்தது. கடைசிச் சொல்லுக்கு எனக்கு உறை தேவைப்படவில்லை.

"இத்தெராஷ்ஷாய்."

அங்கே ஏதோ அறிவிப்பு ஓடி முடிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு நொரிகோ, "அக்காசன், ரூசுபான் ஒனெகாய்ஷிமாஸ்," என்றாள். விமானத்துக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும், இணைப்பு நின்றுவிட்டது.

தயவுசெய்து என்பது விளங்கியது. ரூசுபான் எனக்குத் தெரியாத சொல். தட்டினேன். இரண்டு தடவை பிழைத்தது.

வீட்டார் வெளியே போயிருக்கையில், அவர்கள் திரும்பும்வரை வீட்டைப் பார்த்திருத்தல்.

அண்ணை இன்னும் எதிரில்தான் இருந்தார். என்ன சொல்கிறா என்று கேட்டார். தான் வரும்வரைக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறா என்றேன். ஆருடைய வீட்டை என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தம்பியின் அறைக்குள் போனார். ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது, தூக்கியிருந்த வெங்காயப் பிடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிலம் முழுக்கச் சிவந்த சருகு.

"எப்ப வருவா எண்டு ஏதும் சொன்னவவோ?" என்று திரும்பாமலே கேட்டார்.

"சொல்லேல்லை, அண்ணை."

"அப்ப இண்டைக்கே துப்பரவாக்கி விடுவம்," என்று ஒரு பிடியைக் கீழே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.